உன் கருவாட்டுச் சோறும் என் உரச்சாக்கும்

மதினி,

இன்றைக்கு மறுபடியும் அந்த நாற்றம். மகள் வளர்க்கிற நாய்க்குட்டி ரத்தமும் சளியுமாகக் கழிந்து வாசலில் கிடந்தது. அழுகின ரத்த வாடை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். என் நாய் கறுப்பன் செத்ததும் இதே நாற்றத்தில்தானே.

அவன் சாவதற்கு முதல் நாள் நீ அவனுக்குக் கருவாட்டுச் சோறு வைத்தாய். அதற்கு முந்தின வாரம்தான் உன் கோழியை அவன் கடித்து நமக்குள் சண்டை. எனக்கு அது போதாதா? பீலிக் குழாயடியில் தண்ணிக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், "விஷம் வச்சுக் கொன்னுட்டியேடி பாவி!" என்று கத்தினேன். நீ குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "விஷம் வைக்கிறவளா இருந்தா மொதல்ல உனக்குல்ல வச்சிருப்பேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் விடவே இல்லை. பின்னால் பக்கத்துக் காம்பரா வீட்டில் நீ செத்துக் கிடந்தாய், தப்பு மேளம் அடித்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய்க்கரிசி போடக்கூட வரவில்லை.

இன்று குட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனோம். "யாரோ விஷம் வச்சுட்டாங்க" என்றேன். "இல்லைங்கம்மா, இது வைரஸ்" என்றாள் மிருக டாக்டர் பிள்ளை. நாயின் குடல் செல்லில் இரும்புச்சத்தை உள்ளே வாங்க ஒரு வாசல் உண்டாம். கிருமி அதைப் பிடித்துக்கொள்ளுமாம். செல்லும் சத்துத்தான் வருகிறதென்று தானே உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். இடம் கொடுத்த செல்லுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகி, அதை வெடிக்க வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகுமாம். குடல் உள்ளுக்குள்ளேயே உரிந்து விழுமாம். சீ, என்ன பிறவி அது!

"நாலஞ்சு நாளைக்கு முன்னாடியே உள்ள போயிருக்கும். செத்த நாய் படுத்த சாக்குல, மண்ணுல எல்லாம் மாசக்கணக்கா உயிரோட இருக்கும்" என்றாள்.

கறுப்பன் சாவதற்கு ஐந்து நாள் முன்னால் கொட்டகலை அக்கா வீட்டிலிருந்து ஓர் உரச்சாக்கு கொண்டுவந்தேன். அவள் நாய் அதில் படுத்துத்தான் செத்தது. நல்ல சாக்கு வீணாகிறதே என்று, உதறி, என் கையாலேயே அவனுக்கு விரித்தேன்.

குட்டிக்குச் சேலைன் ஏற்றியிருக்கிறார்கள். பிழைக்குமோ என்னமோ.

நாளைக் காலை பீலியில் உன் மருமகள் நிற்பாள். அத்தனை பேர் முன்னாலும் சொல்லப் போகிறேன், கொன்றது நீ இல்லை, நான் என்று. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆனால் "மொதல்ல உனக்குல்ல வச்சிருப்பேன்" என்றாயே, மதினி. அந்தக் கோபம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.