பரிசலில் உதறிய கை

மாசி 9, ஞாயிறு. ஜேடர்பாளையம்.

கல்யாணமாகி நான்கு மாதத்தில் பாவாயி என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றுதான், காவிரியில் பரிசலில் போக வேண்டும் என்று. இன்று காலை அழைத்துப் போனேன்.

"புதுக் கை தனியாப் போவாதீங்க வாத்தியாரே, நானும் ஏறிக்கிறேனுங்க" என்றார் பரிசல்காரர். மனைவி முன்னால் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. போர்டு ஸ்கூல் வாத்தியாருக்கு ஒரு துடுப்புப் போட வராதா? பரிசலை மட்டும் வாடகைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கரையோரம் சரியாகத்தான் போயிற்று. தண்ணீர் இழுப்பு உள்ள இடத்துக்கு வந்ததும் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. நான் துடுப்புப் போடப் போட இன்னும் வேகமாகச் சுற்றியது. பாவாயி பயந்து, "மாமா!" என்று என் தோளைப் பிடித்தாள். பரிசல் என் பக்கம் சாய்ந்தது. நான் அவள் கையை உதறித் தள்ளினேன். துடுப்பையும் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எதைப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

பரிசல்காரர்தான் நீந்தி வந்து எங்களைக் கரை சேர்த்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அவள் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, பரிசல்ல பயந்துட்டியா?" என்று கேட்டாள்.

"அவுங்கதான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்களே அக்கா" என்றாள் பாவாயி.

உள்ளே இருந்த என் காதில் அது விழுந்தது. என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாளா, எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளா? அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.