வழுக்கி விழுந்ததாகச் சொன்னாய்

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய் ஆறு வருஷமாகிறது. இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். நீ இருந்தபோது எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது, எனக்கு போன் இருந்தது. இப்போது ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நம் வீட்டில் நடந்ததெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடந்தது. இதை மட்டுமாவது தெருவில் நின்று சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் பேத்திக்கு அஞ்சரை வயசு, யூகேஜி படிக்கிறாள். நீ போகும்போது மெர்சி வயிற்றில் மூன்று மாதம். பிறந்தது பெண் என்றதும் ஞானஸ்நானத்தில் உன் பெயரையே வைத்தோம், ரீத்தா என்று. மெர்சிக்கு மனசில் வேறு ஏதோ புதுப்பெயர் இருந்தது. செத்துப்போன மாமியார் பெயரை வேண்டாம் என்று சொல்ல எந்த மருமகளுக்குத்தான் வாய் வரும்? முன்பல் ஒன்று ஆடுகிறது. சோறு ஊட்டினால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கதை பேசுகிறாள். இடது கைக்காரி, உன்னைப் போலவே. நீ இடது கையால் நாற்று நடுவதைப் பார்த்து வரிசையில் மற்ற பெண்கள் கேலி செய்வார்கள் என்பாயே, அவளையும் மிஸ் பென்சிலை மாற்றிப் பிடிக்கச் சொல்கிறார்களாம். மாட்டேன் என்று நிற்கிறாள். அந்தப் பிடிவாதம் மட்டும் யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை, உன்னிடம் அது இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சேதி உனக்குப் பிடிக்காது. அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். ரெண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் போய்விட்டது, கண்ணில் புரை. ஒரே மகன் இருக்கும்போது மனுஷனை ஊரில் தனியாக விடலாமா என்று வலங்கைமான் பக்கத்துச் சொந்தமெல்லாம் கேட்டது. கூட்டிக்கொண்டு வந்தேன். தாராசுரம் பக்கத்தில் நான் கட்டிய வீட்டில், கொல்லையைப் பார்த்து ஜன்னல் வைத்த அறை அவருக்கு. எந்த அறை என்று உனக்குத் தெரியும். அஸ்திவாரம் எடுக்கக் கோடு போட்ட அன்று வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று, "இது யாருக்குடா?" என்று கேட்டாயே, அதே அறை.

அன்றைக்கு உன்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாய். "அந்தோணி, என்னை உன்கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடுறியா? அவருக்குச் சோறாக்கிப் போட உங்க சித்தி மவ இருக்கா." இருபத்தெட்டு வருஷத்தில் நீ என்னிடம் எதையாவது கேட்டது அந்த ஒரு தடவைதான். "வீட்டை மந்திரிச்சிட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போறேம்மா" என்றேன். வீடு மந்திரிக்க ஃபாதர் வந்தபோது நீ கல்லறைக்குப் போய் நாற்பது நாள் தாண்டியிருந்தது.

ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அப்பா உன்னை அடிப்பார். குடிக்க மாட்டார். குடித்திருந்தால் பழியைத் தூக்கி அதன்மேல் போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணிக்கே போய் நிற்கிறவர். யார் வயலுக்கு டிராக்டர் ஓட்டினாலும், "சூசை அதிர்ந்து பேசமாட்டான்" என்று பெயர் எடுத்தவர். உண்மைதான், அதிர்ந்து பேசியதே இல்லை. குழம்பில் உப்பு, நடவு முடிந்து நீ வரத் தாமதம், குளிக்க வெந்நீர் இல்லாதது, ஏதாவது ஒன்று போதும். ஒரு வார்த்தையும் சொல்லாமல் முதலில் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றுவார். ஸ்டீல் செயின் வைத்த வாட்ச். அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பார். அந்தக் கொக்கி விடுபடுகிற சத்தம் கேட்டதுமே நான் கொல்லைக்கு ஓடி வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். எட்டிப் பார்க்கும்போது வாட்ச் மறுபடி கையில் ஏறியிருந்தால், முடிந்தது என்று அர்த்தம். நான் இன்றுவரை வாட்ச் கட்டியதில்லை. கல்யாணத்துக்கு மெர்சி வீட்டில் போட்ட வாட்ச் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. ஏன் என்று அவளிடம் சொன்னதும் இல்லை. அவளுக்கு இன்றைக்கும் "மாமா தங்கமான மனுசன்"தான்.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் உனக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். அணைத்து நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்பார்கள், "எப்படிம்மா ஆச்சு?" என்று. "வாய்க்கா கரையில வழுக்கி விழுந்துட்டேங்க." சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா பக்கத்தில் நிற்பார். மேட்டூர் திறக்காமல் வாய்க்கால் வெடித்துக் கிடந்த கோடையிலும் நீ அங்கேதான் வழுக்கி விழுந்தாய். ஸ்கூலில் டீச்சர், "உங்கம்மா முகம் ஏன்டா வீங்கியிருக்கு?" என்று கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்லி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உன் கடைசி வாரத்தில் தலைவலி, தலைவலி என்றாய். பிறகு நடவு வயலிலேயே சாய்ந்துவிட்டாய். ரத்தக்கொதிப்பு, மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார் டாக்டர். நெற்றியோரம் உனக்குக் கன்றிப்போயிருந்ததை நான் பார்த்தேன். அது எந்த வாய்க்கால் கரையம்மா? டாக்டரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அந்த மனுஷன் இப்போது உன் பேத்திக்குத் தலை பின்னிவிடுகிறார். கண் சரியாகத் தெரியாமல் கோணல் வகிடு எடுத்து, ரிப்பனை ரெண்டு காதுக்கும் பொதுவாகக் கட்டி அனுப்புகிறார். தட்டில் மீன் முள்ளைத் தடவித் தடவி எடுத்துத் தருகிறார். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் கூப்பிடுகிறாரே அம்மா! நீ இருந்த வரைக்கும் அவர் வாயிலிருந்து உன் பெயர் வந்து கேட்டிருக்கிறாயா? "ஏய்", "இந்தா", அவ்வளவுதான். இப்போது விடிந்ததிலிருந்து, "ரீத்தா, வாம்மா. ரீத்தா, சாப்பிட்டியாம்மா? ரீத்தா, தாத்தாகிட்ட ஒக்காரும்மா." ஒவ்வொரு தடவையும் என் உடம்பு எரிகிறது. எத்தனை நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன் தெரியுமா? ஆபீஸில் ஏதாவது பிரச்சனையா என்று மெர்சி கேட்பாள்.

இனி நான் சொல்ல வந்தது.

பதினைந்து நாளைக்கு முன்னால் குடவாசல் பக்கம் ஒரு டிராக்டர் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. எங்கள் கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக் நான்தானே, காலையில் போனவன் தொடைவரை சேற்றில் நின்று மழையில் நனைந்து, சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மெர்சி அன்பியக் கூட்டத்துக்கு, நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் ஜெபத்துக்குப் போயிருந்தாள். கேட்டைத் திறக்கும்போதே பின்னறையிலிருந்து அப்பாவின் குரல். "ரீத்தா! வா இங்க. வான்னு சொல்றேன்ல!" கொஞ்சம் உரத்த குரல். வாசல்படி ஏறியதும் அந்தக் கொக்கிச் சத்தம்.

வாசலிலிருந்து அந்த அறைக்கு நான் எப்படிப் போனேன் என்று ஞாபகம் இல்லை. கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார், வாட்ச் ஒரு கையில். எதிரே குழந்தை. ரெண்டு கையாலும் அவர் நெஞ்சில் தள்ளினேன். என் பலம் முழுவதையும் சேர்த்துத் தள்ளினேன். கட்டில் காலில் இடித்து, கையை மடக்கிக்கொண்டு கீழே விழுந்தார். வாட்ச் கட்டிலுக்கு அடியில் போனது.

திரும்பிப் பார்த்தால் ரீத்தா இடது கையை நீட்டியபடியே நிற்கிறாள்.

"கட்டிவிடச் சொல்லுச்சுடா புள்ள..." என்றார் அப்பா, தரையில் கிடந்துகொண்டே. "ஸ்கூல்ல மணி பாக்கக் கத்துக்குடுத்தாங்களாம். கேட்டுப்புட்டு ஓடி ஓடிப் போவுது. அதான் கூப்பிட்டேன்."

மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆட்டோவில் போனோம், மடியில் ரீத்தா. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "பெரியவரே, எப்படி விழுந்தீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க."

சீட்டு என் கையில் இருந்தது அம்மா.

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா? மானத்துக்குப் பயந்து சொன்னாரா? இல்லை, அந்த வார்த்தை யாருடையது என்று தெரிந்தே எடுத்துச் சொன்னாரா? நான் கேட்கவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மெர்சிக்கும் அதே பதில்தான். "ரப்பர் மேட் வாங்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று என்னைத் திட்டினாள். மறுநாள் அவளே போய்ப் பச்சை நிறத்தில் ஒன்று வாங்கிவந்தாள். தினம் அதன்மேல் நின்றுதான் குளிக்கிறேன்.

அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் விழுந்த அந்த ஒரு நிமிஷம் எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. வாட்ச்சை எதற்குக் கழற்றினார் என்று தெரிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் உடனே போகவில்லை. உனக்காகத் தள்ளினேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். உனக்காகச் செய்திருக்க வேண்டியதெல்லாம் உன்னை பஸ் ஏற்றாமல் இருப்பதுதான். அதைச் செய்யாதவன், முழங்கால் போன கிழவனைத் தள்ளிவிட்டேன்.

இப்போது உன் பேத்தியைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஆணியில் மாட்டியிருக்கும் ஹெல்மெட்டை எடுக்கக் கையை உயர்த்தினால், தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்கிறாள். ஒரு நொடிதான். பிறகு ஒன்றும் இல்லாததுபோல் விளையாடுகிறாள். மெர்சி கவனிக்கவில்லை. எனக்கு அது தெரியாமல் போகுமா? அந்தத் தலையை நான் வருஷக்கணக்கில் கழுத்தில் வைத்துக்கொண்டு திரிந்தவன். நான் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டால் முன்னெல்லாம் வாசலுக்கு ஓடிவருவாள். இப்போது தாத்தா அறைக்குள் போய்விடுகிறாள். என்னிடமிருந்து தப்பித்து அவரிடம் போகிறாள் அம்மா. இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு என்ன வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து வாசலில் இறங்கினோம். எதிர்வீட்டு விசாலம் அக்கா அப்பாவின் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு ரீத்தாவிடம் கேட்டார், "ஏண்டி குட்டி, தாத்தா கையில என்ன ஆச்சு?"

ரீத்தா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள், "தாத்தா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க."

சொல்லிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல. "எவ்வளவு அழகா சொல்லுது பாரு" என்றார் அக்கா. நான் சிரித்தேன். தலையைக்கூட ஆட்டினேன்.

அவள் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள். எதுவும் சொல்லக்கூடாது என்று நான் மிரட்டவில்லை, அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டுவிட்டாள். உன் பெயரை நாங்கள் வைத்தோம், உன் பொய்யை அவளே எடுத்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாளைக் காலையில் விசாலம் அக்கா பால் வாங்க வாசலுக்கு வருவார். ரீத்தாவையும் மெர்சியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அப்பா காதில் விழும்படியே சொல்லப்போகிறேன். "அவர் வழுக்கி விழலக்கா. நான்தான் தள்ளினேன்." மெர்சி ஏன் என்று கேட்பாள். கேட்டால் வாட்ச்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்வேன். அப்புறம் அவள் என்னோடு பேசுவாளா, அவருக்குச் சோறு போடுவாளா, ஒன்றும் தெரியாது. ரீத்தா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் நான் கனவு காணவில்லை. அவள் தலை தோளுக்குள் போகாமல் இருந்தால் போதும். அதற்கு வருஷக்கணக்காகலாம்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மழையில் உன் கல்லறை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். மண் அணைத்து, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அப்பாவையும் கூட்டிவருவேன், அவர் நிற்கட்டும். உன் பேத்திக்கு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். சிலுவையில் தன் பெயரைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் பயப்படுவாள். பிறகு, "பாட்டி எப்படிப்பா செத்தாங்க?" என்று கேட்பாள்.

தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். வழுக்கி விழுந்ததாக மட்டும் சொல்லமாட்டேன் அம்மா.

உன் மகன் அந்தோணி,
சின்ன ரீத்தாவின் அப்பா