எல்லோரும் நலம் என்றாய், அம்மா

அம்மா,

இன்று சாயங்காலம் அப்பா உன் நீலத் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். மூடியைத் திறந்ததும் அந்த மாத்திரைகளின் வாசனை வந்தது, ஈரச் சுவரில் கற்பூரம் தேய்த்தது போல. உன் புடவைகளில்கூட இப்போது உன் வாசனை இல்லை. பெட்டியில் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியைத் தூக்கிப் போய் அல்சூர் ஏரியில் வீச வேண்டும் போலிருந்தது.

அப்பா அதைத் துடைத்துக் கதவோரம் வைத்திருக்கிறார். நாளைக் காலை டாக்டர் வருகிறார். உன் வேலையை இனி எதிர்வீட்டு மல்லிகாக்கா பார்க்கப் போகிறாள். அப்பா திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். உன்னிடம் சண்டை போடாமல் நாளை என்னால் வாயைத் திறக்க முடியாது.

டாக்டர் முதன்முதலில் நம் தெருவுக்கு வந்த நாளை நினைத்துப் பார். நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்த நீதான் பெண்களையெல்லாம் கோயில் மண்டபத்தில் கூட்டினாய். மூட்டுவலிக்குப் புது மாத்திரை. அதை ஒரே ஆஸ்பத்திரியில் சோதித்தால் போதாதாம். பெரிய ஆஸ்பத்திரியும் ஊரெல்லாம் இருக்கும் சின்ன நர்சிங் ஹோம்களும் கைகோக்க வேண்டுமாம். "ஒரு எடத்துல சின்னத் தப்பு ஆனாலும் எல்லா எடத்துக்கும் கூடலே, உடனே தெரிஞ்சிடும். அதுக்குத்தான் இப்படி ஒண்ணா சேர்றோம்" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது அம்மா. இன்றும் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

"ஏன்க்கா, எலிக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கா?" என்று மல்லிகாக்கா கேட்டாள்.

"எலியெல்லாம் தின்னு முடிச்சாச்சாம்டி. இப்ப உன் முறை. நானும்தான் திங்கப் போறேன், வா."

மண்டபமே சிரித்தது. டாக்டர் படித்துக் காட்டிய காகிதத்தை யாரும் காதில் வாங்கவில்லை. நீ சேர்ந்தாய், அவர்களும் சேர்ந்தார்கள்.

மாத்திரை தீர்ந்ததும் காலி டப்பாக்களை வீடுவீடாக வாங்கி இந்தப் பெட்டியில் அடுக்குவாய். மஞ்சள்தூள் போட்டு வைக்க ஒரு டப்பா கேட்பாள் மல்லிகாக்கா. "மாத்திரை உனக்கு, டப்பா டாக்டருக்கு" என்பாய். டப்பா காலியாக வந்தால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்று அர்த்தம். டாக்டர் டப்பாக்களைப் பார்ப்பார். பிறகு உன்னைப் பார்த்து, "எல்லாரு சென்னாகிதாரா?" என்பார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்க அவருக்கு நீ ஒருத்தி போதும்.

"எல்லாரு சென்னாகிதாரே சார்" என்பாய் நீயும்.

யார் நன்றாக இருந்தார்கள்? தண்ணீர்க் குழாயடியில் அவர்கள் உன்னிடம் சொன்னது என் காதில் விழவில்லையா? வயிறு எரிகிறது, தலை சுற்றுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. அதை எப்படி ஒரு ஆம்பளை டாக்டரிடம் சொல்வது? வெட்கம். "சூடுடி, மோர் குடி, வெந்தயம் ஊற வெச்சுத் தின்னு" என்று நீ அனுப்பிவைத்தாய். நம் வீட்டுக்கு வந்து உன் கையால் காபி குடித்த மனிதரிடம் அவருடைய மருந்தைக் குறை சொல்ல உனக்கு மனம் வரவில்லை.

சந்தாபுராவில் சித்தியும் இதே மாத்திரைக்குத்தான் பெண்களைச் சேர்த்துவிட்டிருந்தாள். ஒருநாள் போன் பூத்தில் அவளிடம் நீ பேசினாயே, நான் பக்கத்தில் நின்றேன். "உங்க பக்கமும் கறுப்பாவா? இந்த வருஷம் வெயில் அப்படி" என்று சிரித்தாய். ஆஸ்பத்திரிகள் கைகோத்து எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ, அதை அக்காவும் தங்கையும் ஒரு போனில் கண்டுபிடித்துவிட்டீர்கள். கண்டுபிடித்து, மோர் குடித்தீர்கள்!

நீ ரத்தமாக வாந்தி எடுத்த அன்று அப்பா உன்னை ஆட்டோவில் அள்ளிப்போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரின் கூட்டத்தில் சேராத ஆஸ்பத்திரி அது. அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மா கேட்டாள், "வெளிக்குக் கறுப்பாப் போச்சா? அது வயித்துக்குள்ள கசியிற ரத்தம். என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" நீ கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாய். "சொல்லாதீங்க, அவர் பேரு கெட்டுடும்" என்றாய். அப்பா, "ஒண்ணும் இல்லீங்க" என்றார். எனக்குத் தெரிந்து நீ கடைசியாகப் பேசியது அதுதான். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

உனக்கு அல்சர் என்றுதான் நம் டாக்டருக்குத் தெரியும். மாலையோடு வந்தார், உண்மையாகவே கண் கலங்கினார். அப்பாவுக்கு அவருடைய ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்! கேட்காமலே விட்ட நல்லவர் மேல் எப்படிக் கோபப்படுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருந்தும் கோபப்படுகிறேன்.

இன்று குழாயடியில் மல்லிகாக்கா என்னிடம் குனிந்து, "ஒரு வாரமா எனக்கும் கறுப்பா போவுதுடி. வெந்தயம் இருக்கா?" என்றாள். உதடு வெளுத்திருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னேன், கெஞ்சினேன்.

"போடி பைத்தியம். முட்டி வலி இல்லாம இப்பத்தான் நாலு வீட்டுல நின்னு வேலை செய்யறேன். உங்கம்மா குடுத்த மாத்திரைடி இது."

அப்பாவிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அவர் முன்னாடி வாயத் திறந்தே, வேலையும் போச்சு, உன் படிப்பும் போச்சு" என்றார். அவர் கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கன்னடம் படிக்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்தபோது நீ சொன்னாயே, "கண்டக்டர்கிட்ட, போலீஸ்கிட்ட, டாக்டர்கிட்ட அவங்க பாஷையில பேசுடி. அப்பத்தான் நின்னு கேப்பாங்க." நீ கற்றுக்கொண்ட கன்னடத்தையெல்லாம் அவருக்குப் பிடித்த ஒரே பதிலுக்குச் செலவழித்துவிட்டாய். மிச்சம் என்னிடம் இருக்கிறது.

நாளை டாக்டர் அந்தப் பெட்டியைத் திறப்பார். மல்லிகாக்கா வாங்கி அடுக்கிய காலி டப்பாக்களைப் பார்த்துவிட்டு அவளிடம் அதே கேள்வியைக் கேட்பார். அவளும் உன்னைப் போலவே சிரிக்கத் தொடங்குவாள். அதற்குள் நான் நடுவில் போய் நிற்பேன். அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பாஷையிலேயே சொல்லுவேன்.

"இல்ல சார். யாரூ சென்னாகில்ல."