பத்தியம் முறிந்ததால் அல்ல

அப்பா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சித்தப்பா இரவு உடுத்துவிட்டுக் கிணற்றடிக் கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சாரத்தை எடுத்துத் தோய்த்தேன். நாளை நீங்கள் போய் ஒரு வருசம், ஆட்டைத் திவசம். அதற்காக வந்து எங்களோடு நிற்கிறார். சவர்க்காரத்தையும் மீறிச் சலம் கழித்த மணம் வந்தது. உங்கள் கடைசி மாதங்களில் வீடு முழுக்க இருந்த மணம்.

தேத்தண்ணி கொடுக்கும்போது, "இரவிலை கனதரம் எழும்பிறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம், நானும் நாயுந்தான் ஊருக்குக் காவல்."

"டொக்டரிட்டை ஒருக்காக் காட்டுவமே?"

"உது வயசுக்கு வாறது, பிள்ளை. அண்ணைக்குக் கிட்னி. என்ரை கிட்னி இரும்பு."

அந்தக் கிட்னிக் கதையைக் கட்டியது நான். முன்னிற்கும் சுரப்பியில், அதுதான் புரொஸ்டேட்டில், புற்றுநோய் என்றால், அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்களே என வாய் கூசியது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிற எனக்கு.

அந்த நோயை வளர்க்கும் ஆண் ஓமோனைக் குறைக்கும் ஊசி முதலில் நன்றாகவே வேலை செய்தது. திரும்பவும் கடலுக்குப் போனீர்கள். பிறகு அது பலிக்கவில்லை. காரணத்தை டொக்டர் எனக்குத்தான் சொன்னார். கலம், அதாவது உடம்பின் செல், ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டித்தான் புரதம் செய்கிறது. நோயுற்ற கலங்கள் அதை வேறு விதமாக ஒட்டத் தொடங்கியிருக்கலாம். அப்படி உருவாகும் வாங்கியில், அதாவது ஓமோனின் கட்டளையை ஏற்கும் புரதத்தில், ஓமோன் வந்து பிடிக்கும் பகுதியே இருக்காது. ஓமோன் இல்லாமலே கலத்தை வளரச் சொல்லிக்கொண்டிருக்கும். சுவிச்சை நிற்பாட்டியும் ஓடுகிற எஞ்சின் மாதிரி. படகோட்டிய உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிராது.

"ஏன் பிள்ளை இப்ப ஊசி பிடிக்கேல்லை?" என்று கேட்டீர்கள். ஆண் ஓமோன் என்ற சொல்லை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், "டொக்டருக்குத்தான் தெரியும்" என்றேன்.

நீங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தீர்கள். "அண்டைக்குச் சூடை மீன்குழம்பு திண்டனான். பத்தியத்தை நான்தான் முறிச்சது."

"சொன்னாக் கேட்டால்தானே" என்று அம்மா அழுதா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இல்லை அப்பா, உங்களில் பிழையில்லை" என்று நான் சொல்லவில்லை. அதன்பின் சாகும்வரை நீங்கள் மீனைத் தொடவே இல்லை.

கூடப்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால் தனக்கும் வரக்கூடும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. என் பொய்யை நம்பித்தான் அவர் இரும்பு என்கிறார்.

நாளைக்குப் பந்தியில் ஆண்கள் எல்லாரும் இருப்பார்கள். சோறு போட முன்னமே நோயின் பெயரைச் சொல்லப்போகிறேன். உடம்பில் அது எங்கே இருக்கிறது என்பதையும். கிட்னி இல்லை, பத்தியமும் இல்லை என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது.