போறணைச் சுவரும் முந்நூறு நூலகர்களும்

1963 ஜூலை 3, புதன்

மழை. காற்று வேறு. வாசிகசாலைக் கதவைத் திறக்குமுன்பே வாசலில் ஏழெட்டுப் பேர் கம்பளிக்குள் நின்றார்கள். யார் யார் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். திறந்ததும் நேரே பின்சுவர் வாங்குப் பலகைக்கு ஓட்டம். பத்திரிகை மேசையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னையா அண்ணனின் பேக்கரி. பாண் சுடும் போறணை நம் சுவரோடு ஒட்டியே இருக்கிறது. ஜூலை மாதத்து நுவரெலியாவில் காசில்லாமல் குளிர்காய ஒரு இடம் உண்டென்றால் அது இந்த வாசிகசாலைதான். இது தெரியாத ஒரே ஆள் எங்கள் செயலாளர் தம்பு மாஸ்டர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். கோட்டும் மஃப்ளருமாக முன்னறையில் உட்கார்ந்து வருகைக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பின்பக்கம் வரமாட்டார். ஈரக் கம்பளி மணக்கிறதாம்.

என்னுடையது ஒரே சட்டம். சுவரோரம் உட்காருகிறவர் கையில் வாசிக்க ஏதாவது இருக்கவேண்டும். சும்மா உட்காரக்கூடாது. மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றும் ஆண்டியப்பன் முதல் மாதம் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தூங்கினான். இப்போது நேராகப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். முன்னேற்றம்தானே?

பின்னேரம் மாஸ்டர் குடையை மடக்கக்கூட மறந்து உள்ளே வந்தார். அடுத்த வாரம் இங்கே பெரிய ஹோட்டலில் நூலகர் மாநாடு. தீவு முழுவதிலுமிருந்து முந்நூறு பேர் வருகிறார்களாம். சீசன் இல்லாத மாதம், வாடகை மலிவு என்று கொழும்பில் யாரோ புத்திசாலி ஏற்பாடு செய்திருக்கிறார். மழைக்காலத்தில் எல்லா ஊரிலும் வாசகர் குறைய, நம் ஊரில் மட்டும் மும்மடங்காக ஏறுவது எப்படி என்று மாஸ்டர் மேடையேறி விளக்கவேண்டுமாம்.

பின்பக்கமே வராதவர் எதை விளக்குவார்?

ஜூலை 4, வியாழன்

மாஸ்டர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். ஐந்து காரணங்கள். முதலாவது, அவர் அன்பளிப்பாகத் தந்த சமய நூல்கள். (இன்றுவரை அவற்றின் தாள்களை யாரும் பிரித்ததில்லை. கரப்பான்கூடச் சீண்டவில்லை.) இரண்டாவது, அவர் எழுதி மாட்டிய ‘அமைதி காக்க’ அட்டை. மற்ற மூன்றும் அவரேதான்.

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அடுத்த செய்தியைச் சொன்னார். மாநாட்டு முடிவில் ஒரு வாசிகசாலைக்குப் பாராட்டுப் பட்டயம். ஒரு ஊழியருக்குக் கொழும்பில் ஒரு வருடப் பயிற்சி.

வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு வருடமாக நான் இங்கே ‘பொறுப்பாள்’. நூலகர் என்று எழுத மாஸ்டர் விடுவதில்லை. பயிற்சி இல்லாதவர் நூலகர் ஆகேலாதாம். பூரணி, நூலகர் — ஒருநாளாவது அப்படிக் கையெழுத்துப் போட்டுப் பார்க்கவேண்டும். ஆசையாக இருக்கிறது. அதை இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்?

ஜூலை 6, சனி

நானும் மாநாட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன். “உமக்கு அங்கை என்ன வேலை, பிள்ளை? வாசிகசாலையைப் பூட்டேலாது” என்றார்.

ஜூலை 8, திங்கள்

“ரெண்டாம் நாள் வாரும். நான் பேசேக்கை படம் கீறின அட்டையளைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்” என்று மாஸ்டரே இன்று வந்து சொன்னார்.

அட்டை தூக்கவென்றாலும் போகிறேன். ஒரே ஒரு நாள். அதை வீணாக்கக்கூடாது. நிகழ்ச்சிநிரலை மனப்பாடம் செய்துவிட்டேன். பயிற்சிக்கு ஆள் தெரிவு செய்பவர் கனகாம்பிகை என்ற அம்மையார். முந்நூறு பேருக்குள் அவரை எப்படிப் பிடிப்பது?

பொன்னையா அண்ணனிடம் கேட்டேன். மாநாட்டுக்குப் பாண் கொடுப்பது அவர்தான். அதனால் அவருக்கு மாநாடுகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு. “தங்கச்சி, மொத வேலையா தேத்தண்ணி எங்க ஊத்துறாங்கன்னு பாரு. அந்த எடத்த விட்டு நகராத. எப்பேர்ப்பட்ட தொரையும் அங்க வந்துதான் ஆகணும்” என்றார். நிகழ்ச்சிநிரலில் இல்லாத யோசனை. குறித்துக்கொண்டேன்.

ஜூலை 11, வியாழன்

மாநாடு முதல்நாள். மாஸ்டர் வந்து சொன்னார். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும்போதே பாதிப் பேருக்குப் பல் அடித்ததாம். மண்டபத்தில் ஒரேயொரு கணப்பு. அதைச் சுற்றித் தலைவர்மார். வரவேற்புரை முடிவதற்குள் மாஸ்டருக்கே தடிமன் பிடித்துவிட்டது.

நாளைக்கு எந்தச் சேலை? பச்சை. கம்பளிச் சட்டை போட்டால் சேலை தெரியாது. போடமாட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

கம்பளிச் சட்டை போடாதது முட்டாள்தனம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பச்சைச் சேலைக்குள் நானும் பச்சையாகிவிட்டேன். நேரே தேத்தண்ணி மேசைக்குப் போய் நின்றேன். அண்ணன் சொன்னது பொய்யில்லை. அரைமணி நேரத்துக்குள் பாதி மாநாடு அங்கே வந்துவிட்டது. இரண்டு கையாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்தபடி ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். கொழும்புப் பருத்திச் சேலை, உதடு நீலம்.

“பிள்ளை, இந்தக் குளிருக்கை நீங்கள் எப்பிடிச் சீவிக்கிறியள்?”

“பழகிருச்சுங்க அம்மா” என்றேன். என் பல்லும் அடித்துக்கொண்டிருந்ததால் அவர் நம்பவில்லை. அவர்தான் கனகாம்பிகை. என்னென்ன கேள்வி கேட்கவேண்டும் என்று நான்கு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “இன்னொரு கோப்பை குடிங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். குடித்தார்.

மாஸ்டரின் பேச்சு. ஐந்து காரணங்கள், ஐந்து அட்டைகள். நான்காவதை நான் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். ஆண்டியப்பனோடு பழகிய தோஷம். ஆனாலும் பலத்த கைதட்டல். தட்டினால் கை சூடாகும் அல்லவா? கொழும்பில் பெரிய நூலகமொன்றின் தலைவர் குணரத்தினம் எழுந்து, அந்த அதிசய வாசிகசாலையை உடனே பார்க்கவேண்டும் என்றார். மண்டபத்தை விட்டு வெளியே போக எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. நாற்பது ஐம்பது பேர் கிளம்பிவிட்டார்கள். அட்டைகளை அள்ளிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

மாநாட்டுப் பாணுக்காகப் பொன்னையா அண்ணன் போறணையை விடியற்காலையிலிருந்து அணையாமல் எரித்துக்கொண்டிருக்கிறார் என்பது உள்ளே கால் வைத்ததும்தான் நினைவுக்கு வந்தது. வாசிகசாலை அடுப்படியாக இருந்தது. வந்தவர்கள் முகத்தில் அப்படியொரு ஆனந்தம். அலுமாரியை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பின்சுவருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆண்டியப்பன் கண்ணை மூடியிருந்தான். “வாசிச்சதை யோசிக்கிறார் போல” என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். குணரத்தினம் அவன் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரப் பார்த்தார். அவன் கண்ணைத் திறந்தான்.

“ஐயா, சும்மா ஒக்காரக் கூடாதுங்க. பேப்பர் வச்சிக்கிட்டுத்தான் ஒக்காரணும். அக்கா வைவாங்க.” தன் பத்திரிகையில் நடுப்பக்கத்தை உருவி அவரிடம் நீட்டினான். தலைவர் வாங்கிக்கொண்டார். சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம் என்று மற்றவர்களுக்கும் அவனே புத்தகங்களை எடுத்து விநியோகித்தான். மாஸ்டரின் சமய நூல்களை நான்கு பேர் பிரித்தார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

கனகாம்பிகை அம்மா உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

“இதென்ன, சுவர் சுடுகுது?”

“வெயில் பட்ட சுவர்” என்றார் மாஸ்டர். வெளியே மழை தகரத்தை உடைத்துக்கொண்டிருந்தது. அவரும் இப்போதுதான் முதல்தடவையாக அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பாவம், அவர் முகம் போன போக்கு!

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். சனம் ஏன் இங்கை வருகுது?”

ஐயோ, ஏன் என்னைக் கேட்கணும்? அவ்வளவு பேர் இருக்காங்களே! ஐந்து காரணமும் எனக்கு மனப்பாடம். முதலாவதைச் சொன்னால் போதும், கொழும்புக்குப் போகலாம். ஆனால் அந்த அம்மாவின் உதட்டில் இப்போதுதான் இரத்தம் ஓட ஆரம்பித்திருந்தது. போறணையால் வந்த நிறம். அதைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பொய் சொல்வது?

“குளிருக்குத்தாங்க அம்மா. அந்தப் பக்கம் பேக்கரி. சும்மா இருக்க விடமாட்டேன்னு நான் கையில எதையாச்சும் கொடுத்துருவேன். மொதல்ல படம் பாப்பாங்க. அப்புறம் தொடர்கதைக்குச் சண்டை போடுவாங்க. அவ்வளவுதாங்க.”

சுவருக்கப்பால் அண்ணன் தட்டத்தை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. “கடேசியா வந்த வாரப் பத்திரிகைய யாரோ வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்கக்கா” என்று ஆண்டியப்பன் இடையில் முறையிட்டான்.

மாஸ்டர் கூட்டத்தோடு திரும்பிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கெடுத்தது நான்தான். அழுதேன். அப்புறம் கதவைப் பூட்டினேன்.

ஜூலை 13, சனி

நடந்ததை நம்பமுடியவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆண்டியப்பன். அவனுக்குப் பின்னால் குணரத்தினமும் இன்னும் பத்து நூலகர்களும் வரிசையில் நின்றார்கள். பதினொரு மணிக்குள் மாநாட்டில் பாதி என் வாசிகசாலையில். எல்லோர் கையிலும் புத்தகம். வேறு வழியில்லாமல் வாசித்தார்கள். மண்டபத்தில் இறுதிக் கூட்டத்துக்குப் போதிய ஆள் இல்லை என்று மாநாட்டுத் தலைவர் தேடிக்கொண்டு வந்தார். சுவரைத் தொட்டார். கோட்டைக் கழற்றினார். கூட்டத்தை இங்கேயே நடத்திவிட்டார். ‘அமைதி காக்க’ அட்டைக்குக் கீழே நின்று அரைமணி நேரம் சத்தம் போட்டார்கள்.

பட்டயம் யாருக்கு என்று வாக்குவாதம். கனகாம்பிகை அம்மாதான் முடித்துவைத்தார். “தம்பு மாஸ்டர் நல்லாப் பேசினவர். பட்டயத்தை அவருக்குக் குடுப்பம். குளிருக்கு வந்த சனத்தை வாசிக்க வைச்சது இந்தப் பிள்ளை. பயிற்சிக்கு இவ வரட்டும்.”

மாஸ்டர்தான் முதலில் கைதட்டினார். இதை எழுதாமல் விட்டால் எனக்குப் பாவம். பட்டயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஆறாவது காரணம் எண்டு உம்மையும் சேர்த்திருக்கலாம்” என்றார்.

ஜூலை 15, திங்கள்

பட்டயத்தைப் பின்சுவரில் மாட்டச் சொன்னார். சூட்டில் மரச்சட்டம் வெடிக்கும் என்றேன். கேட்கவில்லை. வெடித்தது.

செப்டெம்பர் 29, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. என் அம்மா பூண்டுலோயாவிலிருந்து வந்து கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்தார். கொழும்பில் எதற்கு என்று எடுத்து வெளியே வைத்தேன். திரும்பவும் உள்ளே வைத்தார்.

அக்டோபர் 9, புதன், கொழும்பு

வேர்வை. வேறென்ன எழுத?

இன்று குணரத்தினம் ஐயா தன் நூலகத்தைச் சுற்றிக் காட்டினார். பயிற்சிக்கு வந்த நாங்கள் பன்னிரண்டு பேர். பின்னால் கனகாம்பிகை அம்மா. கூடம் நிறைய வாசகர்கள். கோடியில் இருந்த நீள மேசை மட்டும் வெறுமையாக இருந்தது. நூலகத்திலேயே நல்ல புத்தகங்களை அதில்தான் அடுக்கியிருந்தார்கள்.

“மூன்று வருடமாகப் பார்க்கிறோம். இந்த மேசைக்கு ஒருவரும் வருவதில்லை. புத்தகத்தை மாற்றினோம், நாற்காலியை மாற்றினோம், மேசைவிரிப்பையும் மாற்றினோம். வாசகர் மனம் ஆராய்ச்சிக்குரியது. யாராவது காரணம் சொல்லமுடியுமா?” என்று கேட்டார்.

எல்லோரும் புத்தகங்களைப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். கூடத்தில் எல்லா ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த மேசைக்கு மேலே இருந்தது மட்டும் சுற்றவில்லை. அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

கனகாம்பிகை அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

நான் கையைத் தூக்கினேன்.