ஷாக் வைத்த சைக்கிளுக்கு ஒரு முன் கேரியர்

ஏப்ரல் 6, ஞாயிறு

ஓனர் பையன் ரித்தீஷ் படிக்க வெளியூர் போனதிலிருந்து பனியன் கம்பெனி மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்த கியர் சைக்கிள் இன்று முதல் என்னுடையது. "டாக்டர் மிதிக்கச் சொன்னாருன்னா எடுத்துட்டுப் போங்க மாஸ்டர்" என்று ஓனரே கொடுத்துவிட்டார். என் சர்க்கரை வியாதியால் விளைந்த ஒரே நன்மை. பின்னால் கேரியர் போட்டு, அதன்மேல் பஞ்சு மெத்தை கட்டி, வாசலில் நிறுத்தி மதுமதியைக் கூப்பிட்டேன்.

வந்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

போன வருடம் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நாய் வந்து இருவரும் விழுந்தோம். அவள் கை எலும்பு சேர்ந்துவிட்டது, பயம் போகவில்லை. எங்கே போனாலும் பஸ். நான் முன்னால் போய் ஸ்டாப்பில் காத்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு பிழைப்பா? அவள் மறுபடியும் பின்னால் உட்கார வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை, அவிநாசியப்பா.

ஏப்ரல் 9

கேட்டேவிட்டேன். சித்திரைத் தேருக்கு அவிநாசியில் நீர்மோர் ஊற்றுவது அவள் வேண்டுதல். முன்பெல்லாம் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இரண்டு கேன், பின்னால் அவள். போன வருடம் கைக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்து அழுதாள். இந்த வருடம் சைக்கிளில் போகலாமா என்றேன்.

சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "சைக்கிளுன்னா மெதுவாத்தான் போகும். ஆனா கேன எங்கீங்க வெப்பீங்க? பின்னாடி நானும் கேனும் ஒண்ணா உக்கார முடியாதுங்க. முன்னாடி வெச்சு, தண்ணி ரொப்பி, நம்ம வீதி ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி எறக்கிக் காட்டுங்க. விழுகாம வந்தா ஏறறேன். இல்லீன்னா பஸ்ஸுல வந்தர்றேன்."

பனியன் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் கூட இவ்வளவு கண்டிஷன் போட்டதில்லை.

ஏப்ரல் 12

முன் கேரியர் லேசுப்பட்ட விஷயமில்லை. சாதா சைக்கிள் என்றால் எந்தக் கடையிலும் மாட்டிவிடுவான். இது முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த ஃபோர்க், திருகு போட ஓட்டையே கிடையாது. ஃபோனில் தேடினேன். ஹேண்டில்பாரில் மாட்டும் கூடை ஒன்று: கனமெல்லாம் மேலே, திருப்பத்தில் ஆளைச் சாய்த்துவிடும். வெங்காயம் வாங்கப் போகலாம், மோருக்கு ஆகாது. ஃப்ரேமிலேயே பிடிப்பது இன்னொன்று: ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பும், கேன் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். மதுமதி படத்தைப் பார்த்தே பயந்துவிட்டாள். மூன்றாவதுதான் பிடித்தது. ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டு இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குவது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். அதுவரை தேர் நிற்குமா?

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆரோக்கியராஜின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். "படம் வரைஞ்சு குடுங்க மாஸ்டர், அப்படியே அடிச்சுத் தாரேன்" என்றான். பனியனுக்கு அளவு அட்டை வெட்டுகிற பேட்டர்ன் மாஸ்டரிடம் படமா கேட்கிறாய்? சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, இஞ்ச் டேப்பில் அளந்து, அட்டையிலேயே வெட்டிக் கொடுத்தேன். கீழ்ப்பிடி சக்கர அச்சுக்குப் பக்கத்தில், மேல்பிடி ஹேண்டிலுக்குக் கீழே ஃபோர்க்கின் கவட்டையில். நூல் பிசகாது.

ஏப்ரல் 18

வந்துவிட்டது. கறுப்புப் பெயிண்ட், துளி ஆட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை.

ஏப்ரல் 20, ஞாயிறு

என்னத்த எழுதறது. கேன் ரெண்டுலயும் தண்ணி. அவ கேட்டுல நின்னு பாக்கறா, பக்கத்து ஊட்டு கமலாம்பாள் வேற. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறினதுதான் — டங்குன்னு ஒரு சத்தம். கேரியர் வில்லா வளைஞ்சுபோச்சு. ஒரு கேன் ரோட்டுல உருளுது. நான் விழல. விழலைங்கறத யாரு பாத்தா? அவ மொகம் வெளுத்துப்போச்சு. உள்ள போயிட்டா.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஏன் வளைந்தது? அளவு சரி, வெல்டிங்கும் சரி. பிறகு?

ஏப்ரல் 22

கல்யாணத்துக்கு முன் மதுமதி பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். காலையில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, பனியன் கழுத்த டேபிள்மேல படுக்க வெச்சு அளந்துட்டு சரின்னு விட்டுருவீங்களா?" என்றாள்.

"அதெப்படி? இழுத்துப் பாக்கணும். தலை நுழையணுமில்ல."

"சைக்கிள மட்டும் ஏனுங்க அப்படிப் பாக்குல?"

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன். ஷாக் என்றால் அமுங்கும். ஃபோர்க்கின் கீழ்க்குழாய் சக்கரத்தோடு மேலே ஏறும், கவட்டை ஏறாது. நான் கேரியரின் ஒரு முனையை ஏறுவதிலும் மறுமுனையை ஏறாததிலும் கட்டியிருக்கிறேன். வளையாமல் என்ன செய்யும்? கழுத்தை இழுத்துப் பார்த்தாயா என்று சாம்பிள் டெய்லர்களை நாள் தவறாமல் திட்டுகிறவன் நான். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அதைவிட, அவள் இன்னும் அந்தச் சைக்கிளை நினைத்துக்கொண்டிருக்கிறாளே! அதுதான் சந்தோஷம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மறு அளவு எடுத்தோம். மதுமதி ஹேண்டில்பார் மேல் முழுக் கனத்தையும் போட்டு அமுக்க, நான் குனிந்து அளந்தேன். "இன்னும் அமுக்கு" என்றால், "உங்க மூக்கு மேலதானுங்க அமுக்கணும்" என்கிறாள். இந்த முறை எல்லாப் பிடியும் கீழ்க்குழாயில்தான். மேலே ஷாக் அமுங்குவதற்கு இடம் விட்டாயிற்று. ஆரோக்கியராஜுக்கு ஒரே கொண்டாட்டம். "இனிமே படம் கொண்டாந்தா வீட்டம்மாட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க மாஸ்டர்" என்றான்.

மே 4, ஞாயிறு

ஏறினேன், இறங்கினேன். திரும்பி வந்து இன்னொரு முறை. கேன்கள் குலுங்கின, விழவில்லை. மதுமதி கேனை அசைத்துப் பார்த்தாள். மெத்தை நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

மே 8, தேர்

விடியற்காலையில் ஏறி உட்கார்ந்தாள். சட்டையைப் பிடித்த பிடியில் காலர் என் கழுத்தை நெரித்தது. திருமுருகன்பூண்டி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சிற்பக் கூடங்களுக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்திக் கேனைத் திறந்தால், மோரின் மேல் வெண்ணெய் மிதக்கிறது! கேரியர் சக்கரத்தோடு ஏறி இறங்குகிறதல்லவா, ரோட்டிலிருந்த குழியெல்லாம் சேர்ந்து கடைந்துவிட்டது. "ஷாக்கு நமக்குத்தானுங்களாட்ட, மோருக்கு இல்லீங்க" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள்தான். அவிநாசி வரும்வரை பேச்சு நிற்கவில்லை. எங்கள் தெருக் கதை, தங்கச்சி வீட்டுக் கதை, எனக்கு வயிறு பெருத்துவிட்ட கதை. எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டினேன். வெயில் ஏறும்வரை நின்று அவள் கையாலேயே மோர் ஊற்றினாள். கேன் இரண்டும் காலி.

திரும்பி வரும்போது பூண்டி தாண்டியதும் பேச்சு நின்றது. மறுபடி பயம் வந்துவிட்டதோ? "மது" என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. முதுகில் ஏதோ கனமாகச் சாய்ந்தது. சட்டையைப் பிடித்திருந்த கையும் தளர்ந்துவிட்டது. தூங்கிவிட்டாள்!

எழுப்ப மனசு வரவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நடந்து போகிறவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போகும்படி மெதுவாக மிதித்தேன். கியர் மாற்றினால் டக்கென்று சத்தம் வரும், விழித்துவிடுவாள். அதனால் வீடு வரும்வரை மாற்றவே இல்லை. மேட்டில் முட்டி கழன்றேவிட்டது.