காலரில் எழுதவிருந்த பேனா

அன்புள்ள வாலுக்கு,

உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அதிலும் நான் ஒரு சுற்றுப் பெருத்த சுகம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, இழுத்துப் போர்த்தித் தூங்கினால் எங்களுக்கு அது போதும். உன் அம்மாவுக்கு முதன்முதலாகப் பெரிய தையல் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும், பல் மருத்துவமனைக்கு வெள்ளைக் கோட்டு, காலரின் உட்புறம் ஆளாளுக்குப் பெயர் எழுதித் தரவேண்டும். கையெழுத்து என்றால் ஊரே என்னைத்தான் தேடும் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு. பேனாக்கடைக்காரன், "அண்ணே, உசுரு போனாலும் இந்த மை போகாது" என்று சத்தியம் பண்ணி ஒரு கறுப்புப் பேனா கொடுத்தான். அன்றுதான் நீ போனில், கறுப்பு மைக்குள்ளே பல நிறம் ஒளிந்திருக்கும், காகிதத்தில் தண்ணீர் ஏறினால் பிரியும் என்று சொன்னாய். விடுவேனா? உங்கள் கல்லூரி ஆய்வகத்தைவிட ஒரு படி மேலானதைச் சமையல் மேசையிலேயே அமைத்துவிட்டேன். காபி வடிகட்டும் தாளை நாடா போல வெட்டி, புதுப் பேனாவாலேயே கோடு போட்டு, அதன்மேல் பொட்டு வைத்துத் தண்ணீரில் விட்டேன், கோடும் கரைந்து பொட்டும் கரைந்து ஒரே சேறு. உன் சித்தி எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் என் டம்ளரை எடுத்தீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோட்டைப் பென்சிலில் போடு என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை, சோதித்துப் பார்த்தேன். அடுத்த தடவை பொட்டே தண்ணீருக்குள் முங்கி, நிறமெல்லாம் டம்ளருக்குப் போய்விட்டது. பிறகு தாளின் நுனி மட்டும் நனைகிற மாதிரி குச்சியில் தொங்கவிட்டேன் பார், ஈரம் மெல்ல ஏறியது, கறுப்பு அசைந்தது, ரோஜா நிறம் பிரிந்தது, அதற்கு மேலே மஞ்சள், உச்சியில் நீலம்! நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் சட்டை போடாமலே இறங்கி ஓடி வந்தார்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஊசியும் கையுமாகக் குனிந்து பார்த்து, "தம்பி, வெறும் தண்ணிக்கே இந்த ஓட்டம் ஓடுதே, இதாலதானே நாளைக்குக் காலர்ல எழுதப்போறீங்க?" என்றார். ஒரே துவைப்பில் அத்தனை கோட்டும் கழுத்தில் வானவில் கட்டிக்கொண்டு நின்றிருக்கும், அண்ணி கண் நோகத் தைத்ததெல்லாம் பாழ், பிறகு யார் வேலை கொடுப்பார்கள்? அதைக் கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன் என்று சமாளித்தேன், ஒருவகையில் அது உண்மையும்தான். உன் அப்பாவின் சட்டைப்பைப் பேனா முதல் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பொட்டு வைத்துத் தொங்கவிட்டோம். நீலம் ஓடியது, பச்சை ஓடியது, ஒன்றே ஒன்று மட்டும் ஆணியடித்த மாதிரி நின்றது. நீ கிளம்பும்போது பெட்டியில் பெயர் எழுதிவிட்டு இழுப்பறையில் போட்டுப்போன தடிப்பேனா. "பாத்தீங்களா, எம்பொண்ணு பேனா!" என்று உன் அப்பா மாடி வீட்டுக்காரர் மூக்கு வரைக்கும் அதை நீட்டிக் காட்டினார். அதாலேயே எல்லாக் காலரிலும் எழுதினேன். ஒன்றை வெந்நீரில் முக்கி முறுக்கிப் பிழிந்தும் எழுத்து அசையவில்லை. மருத்துவர் அம்மா அதைப் பார்த்து இது அச்சடித்ததா என்று கேட்டார், அல்லது அப்படிக் கேட்கிற முகத்தோடு நின்றார். அடுத்த வேலையும் அண்ணிக்கே.

மீந்த துணியில் உன் அம்மா உன் அளவுக்கு ஒரு கோட்டு தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறார், அதைப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போ. நீ நினைத்ததெல்லாம் நடக்க எங்கள் எல்லோருடைய ஆசியும் உண்டு. ஒன்று மட்டும் நினைவில் வை, காலரில் உன் பெயருக்குப் பதிலாக 'வாலு' என்றுதான் எழுதியிருக்கிறேன். தேய்த்துப் பார்க்காதே, போகாது, சோதித்தாகிவிட்டது.

இப்படிக்கு,
மை பிரித்த உன் சித்தப்பன்